டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர்

ஷார்ஜா,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். அம்மாவின் கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிவியுங்கள். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை நீங்கள் மாற்றிக் கொடுத்த பிறகு ஒரு காரில் பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் வாடை வருகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் எடுக்கிறது என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். பேச்சில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எங்கள் பட்டறைக்குக் கூரை உண்டு. ஆனாலும் டேங்க் திறக்கும் வேலையை எங்கள் ஃபோர்மேன் விடிகாலையிலேயே முடிக்கச் சொல்வார். வெயில் ஏற ஏற பெட்ரோல் ஆவி பெருகும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் படர்ந்து எங்கோ விழும் ஒரு பொறியைத் தேடிப் போய்விடும்.

அம்பாசிடரில் நீங்கள் பம்பின் மூடியைத் திறந்து, சல்லடையை ஊதி மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் காலத்துக் கார்களில் பம்ப், ஃபில்டர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அளவு காட்டும் மிதவை எல்லாம் ஒரே கூடாக டேங்குக்குள் நிற்கின்றன. பெட்ரோலின் அழுத்தமும் வேறு: டொயோட்டா கொரோலாவில் 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பி.எஸ்.ஐ. ஆகவே பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிய பிறகுதான் பைப்பில் கை வைக்க வேண்டும்.

பின் சீட்டைத் தூக்கி மூடியை எடுத்தால், இங்கே மாவு போன்ற மணல் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். கூட்டை டேங்கோடு பிடித்து வைத்திருக்கும் லாக் ரிங்கைத் திருப்பும் முன் அதை முழுவதும் உறிஞ்சி எடுத்து, ஈரத் துணியால் துடைக்கிறோம். நம் ஊர்ச் செம்மண்ணும் இப்படித்தான் உள்ளே விழும். கூட்டை நேராகத் தூக்காமல் சற்றுச் சாய்த்து எடுங்கள்; மிதவைக் கம்பி வளைந்தால் மீட்டர் தவறாகக் காட்டும்.

நீங்கள் சொன்ன காரின் இரண்டு குறைகளுக்கும் காரணம் ரப்பர் வளையங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய ஃபில்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதில் பொருத்தும்போது அதன் ஓ-ரிங் மடிந்தாலோ வெட்டுப்பட்டாலோ, எஞ்சினை நிறுத்தியதும் பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் மறுபடி அழுத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது. புது ஓ-ரிங்கில் இரண்டு சொட்டு பெட்ரோல் தடவி, திருகாமல் நேராக அழுத்துங்கள்.

வாடை வருவது டேங்க் வாய் வளையத்தால். பழையது பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும். பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் அலையலையாக எழும்பி நிற்கும். இங்கு வந்த முதல் வருடம் ஒரு காரில் நான் அதைக் காயவைத்து மறுபடி போட்டேன். டேங்கில் கால்வாசி பெட்ரோல்தான் இருந்தது, வாடையே இல்லை, வண்டியை அனுப்பிவிட்டேன். அதன் உரிமையாளர் டேங்கை நிரப்பிக்கொண்டு வளைவில் திரும்பியதும் பெட்ரோல் மேலே கசிந்து வந்தது. அவருடைய இரண்டு குழந்தைகள் அந்தப் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அப்பா. அதன் பிறகு ஒரு பழைய வளையத்தைக்கூட நான் திரும்பப் போட்டதில்லை.

பொருத்தும்போது கூட்டின் அம்புக்குறி டேங்கின் அடையாளத்துக்கு நேராக இருக்கட்டும். ரிங்கை இறுக்குகையில் இன்னொருவர் கூட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கட்டும், இல்லையென்றால் ரிங்கோடு சேர்ந்து அதுவும் சுற்றி வளையத்தை இழுத்துவிடும். பைப் கிளிப்புகள் 'டக்' என்று விழுந்த பிறகும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். எடுத்த ஃபியூஸையோ ரிலேயையோ, பேட்டரிக் கம்பியையும் மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நான்கைந்து முறை போட்டு எடுத்து, வெள்ளைத் துணியால் இணைப்புகளைச் சுற்றித் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்ட வசதி இருந்தால், எஞ்சினை நிறுத்தி 5 நிமிடம் கழித்தும் கொரோலாவில் 147 கிலோபாஸ்கலுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அந்தக் காருக்கு உரிய அளவை அதன் புத்தகத்தில் பாருங்கள். கடைசியாக டேங்கை நிரப்பி, ஒரு சுற்று ஓட்டிவந்து, சீட்டை மாட்டும் முன் மறுபடி துடைத்துப் பாருங்கள். நான் தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்.

அதுவரை அந்தக் காரை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டாம். அடுப்படிச் சுவரை ஒட்டியும் நிறுத்த வேண்டாம். கூட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர் அடுத்த மாதம் சிவகாசிக்கு வருகிறார். இரண்டு வளையங்களையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் அன்பு மகன்