மலையேறக் கிலோமீட்டர் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலை, ஏலகிரி, பர்வதமலை பற்றி வார விடுமுறைக் குறிப்புகள் வரும்போதெல்லாம் "போக வர இத்தனை கிலோமீட்டர்" என்பதோடு நின்றுவிடுகின்றன. அதை நம்பி வேலூரிலிருந்து காலை எட்டு மணிக்குப் பைக்கை எடுக்கிறவர்கள் நடுவெயிலில் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் வகுத்த விதி உண்டு. 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கும் உருளும் கல்லுக்கும் 5ஐ 3 ஆக்கிக்கொள்வது நல்லது. போக வர 12 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர் என்றால் நடைக்கு 4 மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை, ஓய்வுக்கு ஒன்றரை, ஆக 7 மணி நேரம். காலை 5.30க்கு அடிவாரத்தில் கால் வைத்தால் 12.30க்கு இறங்கிவிடலாம். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம்; அவரை முன்னே விடுங்கள், வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும்.

உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் 11 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இதை வீட்டிலேயே முடிவு செய்யாவிட்டால் மேலே யாரும் கேட்க மாட்டார்கள். தொடை சோர்ந்த பிறகு இறங்கும்போதுதான் கால் வழுக்கும், முட்டி மடங்கும். பர்வதமலையில் கடப்பாறைப் படியும் (பாறையில் அடித்த இரும்புக் கம்பிகள்) ஏணியும் வேறு இருக்கின்றன. உச்சி வெயிலில் இரும்பு கையைச் சுடும், மழையில் வழுக்கும். பௌர்ணமியன்று அங்கே வரிசையில் நிற்கிற நேரம் எந்த விதியிலும் வராது. கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். பாதி இறக்கத்துக்கு. உச்சியில் காலி பாட்டிலோடு நிற்பதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல் வரும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் குடித்தால் கெடுதல்தான். தயிர்ச் சாதம் புளித்துவிடும். புளியோதரை, கடலை மிட்டாய் தாங்கும். கையில் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், குரங்கு பிடுங்கும். புது ஷூவும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், இறக்கத்தில் நுனிவிரல் ஷூவில் மோதும்.

காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை. கீழே வெயிலடித்தாலும் மேலே பெய்த மழையில் ஓடை திடீரென ஏறும். முழங்காலுக்கு மேல் ஓடினால் கடக்காமல் காத்திருங்கள். பிப்ரவரி தொடக்கத்துக்குப் பின் காய்ந்த புல், காட்டுத்தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்கக் கூடாது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும், ஆகவே மேலே ஓடித் தப்பப் பார்ப்பது ஆபத்து.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஜவ்வாது மலையோ சந்தனக் காடு. அங்கே இருட்டில் டார்ச்சோடு திரிந்தால் என்ன சந்தேகம் வருமென்று சொல்ல வேண்டியதில்லை. வனத்துறை 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோடு, இணைய முன்பதிவில் திறந்திருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே போதும்.

சிக்னல் இல்லாத இடத்தில் செல்பேசி அதைத் தேடித் தேடியே சார்ஜ் தீரும். ஏரோபிளேன் மோடில் வைத்து, வரைபடத்தை முன்னதாக இறக்கிக்கொள்ளுங்கள். போகும் பாதை, வண்டி எண், கூட வருபவர்கள் பெயர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 112ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
மலையேறும் நண்பர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.