கோல்டன் மைலில் பிழைப்பு நடத்தியவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூர் பீச் ரோட்டில் இருக்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் இடிபடாமல் தப்பியதில் மனம் நிறைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அங்கே கடை போட்டிருந்த எளிய மனிதர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. சுதந்திரத்துக்குப் பின் நகரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்க, 1967ல் அரசாங்கம் நில விற்பனைத் திட்டத்தைத் தொடங்கியது. நிலத்தை அரசு ஒதுக்கும். பணம் போட்டுக் கட்டுவது தனியார். சைனாடவுனில் 1966 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தீக்கிரையான சந்தை இருந்த இடத்தில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் எழுந்தது அப்படித்தான். கோல்டன் மைலும் அதே வழியில் வந்தது. இரண்டுமே 1973ல் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டையும் வடிவமைத்தது வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியாவ் சுவான் மூவரும் நடத்திய டிசைன் பார்ட்னர்ஷிப்.

கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், உச்சியில் வீடுகள். இன்று இது புதுமையே இல்லை. வேலைக்கு ஒரு பேட்டை, குடியிருக்க ஒரு பேட்டை என்று நகரங்களைப் பிரித்துக் கட்டிய காலத்தில் துணிச்சலான யோசனை. 16 மாடிகளில் வீடுகள் இருக்கும் தளங்கள் படிக்கட்டு போல ஒன்றின்மேல் ஒன்று பின்வாங்கிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனிக்கும் வானமும் கடல் பக்கத்துக் காற்றும் கிடைத்தன. சாலை இரைச்சல் உள்ளே அவ்வளவாக வராது.

நம்மவர்களில் பலருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிந்தது பஸ் டிக்கெட் கவுண்டர்கள்தான். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், ஹாட்யாய் என்று எழுதிய பலகைகள் வரிசையாகத் தொங்கும். அச்சடித்த இருக்கைப் படத்தில் நம் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய இரவுகளில் நடைபாதை முழுக்கப் பெட்டிகளும் பைகளும், நடுவில் தூங்கி வழியும் பிள்ளைகளும். எங்கள் வீட்டில் மலேசிய உறவு அறுந்து போகாமல் இருந்ததற்கு அந்த பஸ்களும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அது தாய்லாந்துத் தொழிலாளர்களின் ஊர். அவர்களுடைய மளிகைக் கடை, முடிதிருத்தகம், மேசையிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிடும் மூக்கட்டா உணவகங்கள், வெளியே சாமந்தி மாலை சார்த்திய நான்முகன் சன்னதி. அந்தச் சன்னதியின் முன் நம் ஆட்களும் ஒரு நிமிடம் கைகூப்பிவிட்டு பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

2006ல் நாடாளுமன்றத்திலேயே ஒரு நியமன உறுப்பினர் இதைக் குடிசைப்பகுதிக்கு ஒப்பிட்டு, நாட்டுக்கே அவமானம் என்று சாடினார். பால்கனிகளைத் தகரத்தாலும் கண்ணாடியாலும் அவரவர் இஷ்டத்துக்கு அடைத்திருந்தது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான தனித்தனி உரிமையாளர்கள் உள்ள கட்டடத்தில், பராமரிப்புக்கு எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது லேசான காரியமா? வாடகை குறைவாக இருந்ததால்தான் எளிய மனிதர்கள் அங்கே கடை போட முடிந்தது. அதை யாரும் அப்போது சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

அப்புறம், உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டடத்தை மொத்தமாக விற்கும் ‘என் பிளாக்’ (en bloc) விற்பனைப் பேச்சு வந்தது. முதல் முயற்சியில் யாரும் வாங்க முன்வரவில்லை. அதே காலத்துக் கட்டடமான பேர்ல் பேங்க் அடுக்குமாடி இப்படி விற்கப்பட்டு இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் இதற்கும் அதே கதிதான் என்று பயந்தோம். நல்ல வேளையாக 2021 அக்டோபரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. வாங்குபவருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று கூடுதல் தளப்பரப்பு (வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டிக்கொள்ளும் அனுமதி) உள்ளிட்ட சலுகைகளும் கொடுத்தது. 2022ல் 700 மில்லியன் வெள்ளிக்கு விலை போனது. மறு ஆண்டு எல்லோரும் காலி செய்தார்கள். சிலர் பக்கத்துக் கோல்டன் மைல் டவருக்கு, சிலர் காலாங் பக்கம், சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். கூடுதல் தளப்பரப்பு என்பது பொதுமக்கள் சார்பில் கொடுத்த சலுகை. அதில் ஒரு சிறு பங்கையாவது, ஒரு தளத்தில் பாதியையாவது, பழைய சிறுவியாபாரிகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்கச் சொல்லி நிபந்தனை போட்டிருக்கலாமே? கான்கிரீட் சாய்வையும் முகப்பையும் காப்பாற்ற விதிகள் எழுத முடிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரிந்திருக்கும். கோல்டன் மைலுக்குக் காலம் கடந்துவிட்டது என்றால் சரி, பீப்பிள்ஸ் பார்க் போன்ற மற்ற கட்டடங்களுக்காவது விற்பனைப் பேச்சு முற்றுவதற்கு முன்பே ஆணையம் இதை யோசிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கோல்டன் மைலிலிருந்து பஸ் ஏறிய வாசகர்களின் பழைய டிக்கெட்டுகளையும் புகைப்படங்களையும் வரவழைத்து ஒரு பக்கமாவது வெளியிடுங்கள். என்னிடம் இருப்பவற்றை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்