2024–25 ஆண்டறிக்கை: நிலுவைப் பொருள்கள் பற்றிய விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, பொங்கல் கோலப் போட்டி வழக்கம்போல் நடந்தன. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேல்நிலைத் தொட்டி இருமுறை கழுவப்பட்டது. கண் பரிசோதனை முகாமுக்கு நம்மவர்களைவிட வெளியார் அதிகம் வந்தார்கள், நல்லதுதான்.

இந்த ஆண்டின் பெரிய வேலை வேறு. நம் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்ற வரியோடு நின்றுபோன பொருள்கள், அதாவது கூட்டத்தில் விவாதத்துக்கு வந்த விஷயங்கள், ஏராளம். அந்த அடுத்த கூட்டத்தில் அவை வந்ததே இல்லை. சில வருடம் கழித்து யாராவது மாடிப்படியில் நிறுத்தி, “அந்தக் கிணறு விஷயம் என்ன சார் ஆச்சு?” என்பார். உடனே பழைய பேச்சு பழைய விலையோடும் பழைய கோபத்தோடும் ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் மூடிவிடலாம் என்பது செயற்குழுவில் ஒரு சாரார் வாதம். எதையும் மூடக் கூடாது, யாரும் எப்போதும் கிளப்பலாம் என்பது இன்னொரு சாரார் வாதம். இரண்டுமே சங்கத்துக்கு ஆகாது என்று கருதியே நிலுவைப் பதிவேடு தொடங்கப்பட்டது. இதைத் தேவையற்ற வேலை என்று சொன்னவர்கள் அதன் ஒரு பக்கத்தையாவது பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

பொருள் ஒன்றுக்கு ஒரு பக்கம். முதலில் வந்த தேதி, தீர்மான எண், நின்றுபோன காரணம், அன்றைய மதிப்பீடு, பொறுப்பாளர் ஆகியவை அதில் இருக்கும். பழைய பொருளைக் கிளப்புகிறவர் புதிதாக ஒரு விவரம் கொண்டுவர வேண்டும்: புதிய விலைப்புள்ளியோ, மாறிய சட்டமோ, மாறிய நிலைமையோ. அப்போதும் பொருளுக்குப் புதிய எண்தான். பழைய எண்ணும் தேதியும் பக்கத்தில் குறிக்கப்படும். பழைய தீர்மானத்தையே நீட்டினால் அன்றைய சம்மதமும் கூடவே நீள்வதாக ஆகிவிடும். அன்று கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் வீட்டை விற்றுப் போய்விட்டார்கள். வாங்கியவரிடம் “ஏற்கெனவே ஒப்புக்கொண்டதுதானே” என்று பணம் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

மூடுவதற்கும் முறை உண்டு. ‘முடிக்கப்பட்டது’ என்பதோடு ஏன் என்று ஒரு வரி வேண்டும். பழைய பக்கங்களில் ‘நீண்ட விவாதத்துக்குப் பின்’ என்றிருக்கிறது. யார் எதற்கு மறுத்தார்கள் என்று இல்லை. காரணம் எழுதாமல் மூடியவைதான் திரும்பத் திரும்ப எழுந்து வருகின்றன. தலைவர் கையெழுத்திட்ட பக்கத்தில் அடித்தல், வெள்ளை மை எதுவும் கூடாது. பிழை இருந்தால் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் திருத்தம் எழுத வேண்டும்.

சில பொருள்கள் ஒரு வரியில் தீர்ந்தன. பராமரிப்புக் கட்டணம் மாதம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி வருமே என்று ஒத்திவைத்த பொருள் ஒன்று. அந்த வரம்பு 2018 ஜனவரியிலேயே 7,500 ஆகிவிட்டது, நம் கட்டணமோ இரண்டுக்கும் வெகு கீழே. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தை வைத்து எழுதிய துணைவிதித் திருத்த வரைவு இன்னொன்று. அதன் இடத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பழைய வரைவை ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை, புதிதாகத்தான் எழுத வேண்டும். இருசக்கர வாகன நிறுத்தம் பற்றிய பொருளில் புதிய விவரம் ஏதுமில்லை, குரல் மட்டும் உயர்ந்திருந்தது, மூடப்பட்டது.

வடக்கு மூலையில் வற்றிய ஆழ்துளைக் கிணறு, ‘இன்னும் ஆழப்படுத்தலாமா’ என்ற கேள்வியோடு நின்றது. கம்ப்ரசர் வைத்துப் பார்த்ததில் சேறுதான் வந்தது, உள்குழாயும் வளைந்திருந்தது. எனவே பொருளும் கிணறும் சேர்த்தே மூடப்பட்டன. வாயில் ஒரு கருங்கல்லை வைப்பது மூடுவதாகாது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த வழிமுறைப்படி, களிமண், மணல், கூழாங்கல் போன்றவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பாதியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும், ஒரு மழைக்குப் பின் உள்வாங்கும். அதனால் சிறிது சிறிதாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, கயிற்றில் கட்டிய இரும்பு எடையை இறக்கி ஆழம் பார்த்துப் பார்த்து நிரப்பினோம்.

பின்புற உறைக்கிணறு இதற்கு நேரெதிர். நாற்றம் வருகிறது, மூடிவிடலாம் என்றுதான் அன்று பேசினார்கள். நாற்றத்துக்குக் காரணம் பக்கத்தில் போன கழிவுநீர்க் குழாயின் இணைப்பு. அந்தக் குழாயை வேறு காரணத்துக்காக மாற்றியபின் நாற்றம் நின்றுவிட்டது. யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. இதுதான் புதிய விவரம். மூடாமல் தூர்வாரி, மாடி மழைநீரை அதில் விடுவது என்று பொருள் புதிய எண்ணில் எடுக்கப்பட்டு நிறைவேறியது.

தூர்வார ஆள் இறங்குமுன் ஊதுவிசிறி வைத்துக் காற்று மாற்றி, வாயுமானியால் சோதிக்கப்பட்டது. விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவைக் காட்டும், எல்லா விஷவாயுவையும் காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே ஆபத்து. மொட்டைமாடிக் குழாய்கள் ஒரு வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பப்பட்டன: மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் பெருமணல். வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். எம்-சாண்ட் மலிவு என்று போட்டால் அதிலுள்ள துகள் அடைக்கும். முதல் மழையின் அழுக்குநீர் வெளியே போக ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்துவிட்டு மறுபடி மூட மறந்தால் அந்தப் பருவ மழை முழுக்க சாக்கடைக்குத்தான், காவலாளிக்குச் சொல்லியிருக்கிறது.

1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சேதாரம் போக 750 லிட்டராவது கிணற்றில் சேரும். ஐந்தடி விட்டக் கிணற்றில் நான்கு மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 7,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் 18 கிராமுக்குள் போதும். பொட்டலத்தை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் விட வேண்டும். தண்ணீர் கழிப்பறைக்கும் செடிக்கும்தான், குடிக்க அல்ல. கிணற்று வாய்க்கு இரும்புக் கிராதியும் கொசுவலையும் போட்டாயிற்று.

எக்காரணத்தாலும் தூங்கவிடக் கூடாத பழைய பேச்சு ஒன்று உண்டென்றால் அது சந்தா பாக்கி. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் ‘இவ்வளவு பாக்கி உண்மை’ என்று உறுப்பினர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடும். கெடு முடிந்தபின் அந்த ஒப்புதலுக்குப் பலனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி ‘செலுத்துகிறேன்’ என்றே எழுதிக் கையெழுத்திட்டால்தான் உண்டு. “பார்த்துக்கலாம் சார்” என்று லிஃப்ட்டில் சொன்னது இதில் எதிலும் சேராது. பாக்கிப் பேரேட்டில் கெடு முடியும் தேதிக்கு இப்போது தனிப் பத்தி இருக்கிறது. பெயர்களை இங்கே எழுதவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தால் அவரவர் பக்கத்தை அவரவரே பார்த்திருக்கலாம். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை, சேராமல் கூட்டம் ஒருமுறை தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரியும். வராதவர்களே முடிவு வந்தபின் “எங்களைக் கேட்கவில்லை” என்கிறார்கள். அறிவிப்புப் பலகை அவர்கள் தினமும் கடந்துபோகும் வழியில்தான் இருக்கிறது.

வரவு செலவு தணிக்கையாளர் அறிக்கையில் உள்ளபடி. டீசல், மின்சாரம், காவல் செலவு கூடியிருக்கிறது. சந்தா வரவு கூட வேண்டிய அளவு கூடவில்லை. கிணற்றுப் பணி பராமரிப்பு நிதியிலிருந்தே செய்யப்பட்டது, தனி வசூல் இல்லை.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், இடம் தந்த தரைத்தளக் குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இணைச் செயலாளர் பதவி காலி. பதிவேட்டில் இன்னும் பார்க்காத பக்கங்கள் இருக்கின்றன. புதிய துணைவிதி வரைவும் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்வது சிரமம் என்பதைச் செயற்குழுவிடம் தெரிவித்திருக்கிறேன். முன்வருவோர் இந்தக் கூட்டத்திலேயே பெயர் கொடுக்கலாம். வடிகட்டி மணலை மேலே அரையடி எடுத்துக் கழுவி மறுபடி போடும் வேலை செப்டம்பரில் முடிய வேண்டும், அதற்குள் பாக்கியும் வந்து சேர்ந்தால் கூலிக்கு வேறெங்கும் கை வைக்க வேண்டியிருக்காது.

இங்ஙனம்,
செயலாளர்