ஒரே பாயில் உட்கார வைத்தவர்களுக்கு நன்றி

ராமேஸ்வரத்தில் இருந்த என் விசைப்படகை விற்றுவிட்டு நாட்டுப்படகுக்கு மாறி மூன்று மாதமாகிறது. "கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. இதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லிவிட்டால் எல்லாருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

2004-இல், இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த நேரத்தில், அங்கே சிறைபட்ட மீனவர்களை மீட்க அலைந்தவர்களும் மீனவர் சங்கத்தாரும் சேர்ந்து இங்கிருந்து ஒரு குழுவை அழைத்துப் போய், அந்தக் கரை மீனவர்களோடு ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். முதல் நன்றி அவர்களுக்கு. எல்லையைப் பேசியிருந்தால், கச்சத்தீவு இலங்கைக்குப் போன 1974 ஒப்பந்தத்திலேயே பேச்சு முடிந்திருக்கும். அவர்கள் மடியைப் பற்றிப் பேசவைத்தார்கள். மடி என்றால் பை மாதிரியான வலை; எங்கள் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போவது இழுவைமடி. எந்த மடி வலையை அறுக்கிறது, எது கடலடியைச் சுரண்டுகிறது, கரையிலிருந்து எத்தனை மைல் தள்ளி நிற்பது? தொழில்காரனுக்குத் தொழில்காரன் பேசுகிற பேச்சு அது. நடுவில் மொழிபெயர்க்கவும் ஆள் தேவைப்படவில்லை.

அப்புறம், யாழ்ப்பாணத்துக் கரையில் எங்களுக்குத் தேநீர் கொடுத்த ஐயாவுக்கு. 2011-இல் போன குழுவோடு நானும் போயிருந்தேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். கடனுக்கு வாங்கிய வலையாம். மேல்கயிறும் நாலைந்து மிதவைகளும்தான் இருந்தன, கண்ணிகளைக் காணோம். போர்க்காலத்தில் பெரும்பாலும் கடலை எட்டி நின்று பார்த்தவர்கள், 2009-க்குப் பிறகு திரும்ப இறங்கினால் எதிரே எங்கள் படகுகள்.

"திங்கள், புதன், சனி நாங்கள் கடலுக்குப் போறேல்லை, தம்பி. போனால் வலை மிஞ்சாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவை எங்கள் விசைப்படகுகள் டோக்கன் என்ற அனுமதிச்சீட்டு வாங்கிக் கடலுக்குப் போகும் நாட்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் சண்டை வரக்கூடாது என்று இங்கே பிரித்துக்கொண்ட கிழமைகளை, எதிர்க்கரையில் ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு, எங்கள் கரையில் சங்காயம், அதாவது மடியில் சேர்ந்து வரும் கழிவு மீன், பிரிக்கும் அக்கா ஒரு நாள், "எல்லாம் குஞ்சாத்தான் வருது, சம்மாட்டி" என்றார். படகுக்காரரைச் சம்மாட்டி என்பது எங்கள் வழக்கம். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அங்கே அறுந்த வலையும் இங்கே கூடையில் கிடந்த குஞ்சும் ஒரே மடியின் வேலை. அக்கா, உங்களுக்கும் நன்றி.

2010-இல் சென்னையில் இரு கரை மீனவர்களும் பேசி, ஓராண்டுக்கு 70 நாள் மட்டும் எங்கள் படகுகள் அந்தப் பக்கம் மடி இழுக்கலாம், பிறகு இழுவைமடியே இல்லை என்று ஒத்துக்கொண்டதை அரசுகள் ஏற்கவில்லை. சரி, நாங்களாவது காப்பாற்றினோமா? இல்லை. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன், வட்டி கட்டவேண்டுமே. இழுவைமடிக்குப் பதிலாகச் சூரை மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகலாம் என்றார்கள். நாட்கணக்கில் கடலில் கிடக்க என் வயது ஒத்துவராது. முடிவெடுக்க இவ்வளவு காலம் ஆனதற்கு யாழ்ப்பாணத்து ஐயாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, அன்றைக்கு வலைக்காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தோனியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு வந்தால் இரண்டு கிலோ நைலான் நூல் கொண்டுவருகிறேன். சோதனையில் விட்டுவிட்டால் உங்கள் கையில்தான் தருவேன். இதையும் மறுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய விசைப்படகுக்காரன்
ராமேஸ்வரம்