அந்தப் பஞ்சுப் பாயைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாமக்கல்லில் இருபத்தைந்து வருடமாக லாரி மெக்கானிக்காக இருக்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் உண்டு. அது அடைத்துக்கொண்டால் சில பட்டறைகளில் உறையை வெட்டி, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டைக் கழுவி, திரும்ப வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சுப் பாய் குப்பைக்குப் போகிறது.

அது வெறும் பேக்கிங் இல்லை. பில்டரில் சேர்ந்த கரி எரியும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸைத் தொடும். இரும்பு உறை விரியும். பீங்கான் அவ்வளவாக விரியாது. அந்த இடைவெளியை நிரப்பி, பீங்கானை ஆடாமல் பிடித்திருப்பது அலுமினா இழைப் பாய்தான். போன மாதம் வந்த வண்டியில் அதற்குப் பதில் கண்ணாடிப் பஞ்சு சுற்றியிருந்தது. பஞ்சு சுருங்கி, பீங்கான் ஆடி ஆடி மூன்றாக உடைந்திருந்தது. புது பில்டர் விலையைக் கேட்ட ஓனர் அப்படியே ஸ்டெப்னி மேல் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

அப்புறம் இன்னொன்று. சில பாய்களில் இருக்கும் பீங்கான் இழைத் தூசு புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நம் பையன்களோ வெறுங்கையால் பிய்க்கிறார்கள், மூக்கில் துணிகூட இல்லை. போக்குவரத்துத் துறை பட்டறைக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது நடத்தட்டும்.

லாரி மெக்கானிக்,
நாமக்கல்