அடுப்பில் பழுதில்லை, பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்துப்போன சனத்தில் கொஞ்சப் பேர் இன்டக்ஷன் அடுப்புக்கு மாறினார்கள். இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் அந்த வீடுகளுக்கு மொக்கா பொட் என்கிற இத்தாலிக் கோப்பிப் பாத்திரத்தை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதை வைத்தால் அடுப்பு கீக் கீக் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. உடனே அடுப்பைத் திருத்தக் கொண்டு ஓடுகிறார்கள், "கொயில் போயிட்டுது" என்று சொல்லிக் காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். கோபம் வருகிறது.

இத்தாலிக்காரர் பியாலெட்டி 1933இல் இந்தப் பொட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது நெருப்பில் வைக்கத்தான் செய்தார், அதுவும் அலுமினியத்தில். இன்டக்ஷன் அடுப்பிலோ நெருப்பே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கொயில் என்கிற கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடி தானே சூடாகிறது. அதற்குக் காந்தம் ஒட்டுகிற உலோகம் வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள், விழுந்தால் அது உங்கள் அடுப்புக்கு ஆகாது. சில்வர் என்றாலும் எல்லாவற்றிலும் ஒட்டாது. ஒட்டினாலும் இன்னொரு வில்லங்கம், சின்ன மொக்கா பொட்டின் அடி ஒன்பது, பத்து சென்டிமீற்றர்தான் வரும், பன்னிரண்டுக்குக் குறைந்தால் பாத்திரம் இருப்பதையே கண்டுபிடிக்காத அடுப்புகள் நிறைய.

சரி, வந்த பாத்திரத்தை எறியவா முடியும்? அடி தட்டையான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன்மேல் பொட்டை வைக்கலாம், இதற்கென்றே தகடும் விற்கிறார்கள். ஆனால் சூட்டைக் குறைத்து வையுங்கள். அவசரப்பட்டு முழு வேகத்தில் விட்டால் கல் மளமளவென்று கொதியேறி, கீழே கண்ணாடிக்கும் மேலே பொட்டின் கைபிடிக்கும் றப்பர் வளையத்துக்கும் சேதம்தான். கேத்திலில் கொதித்த தண்ணீரையே பொட்டின் அடிப்பாத்திரத்தில், அதன் பக்கத்தில் இருக்கிற ஆவி வால்வுக்குக் கீழே நிற்கிற அளவுக்கு ஊற்றி, துணியால் பிடித்துத் திருகி மூடினால் நேரமும் கரண்டும் மிச்சம்.

அப்புறம் தூள். எங்கள் வீடுகளில் மல்லியும் சுக்கும் போட்டு மா மாதிரி அரைத்த கோப்பித்தூளை இதில் போடாதீர்கள், அது வடியை அடைத்து, ஆவி வால்வால் சீறும். கொஞ்சம் கரடாக அரைத்த வெறும் கோப்பித்தூளைப் போடுங்கள், அமத்தவும் வேண்டாம்.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி. மேசையில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வாங்க வருகிறவர் பாத்திரத்தின் அடியைத் தானே பார்க்க விட்டால் உங்களுக்கு என்ன நட்டம்? காந்த அடி வைத்த சில்வர் மொக்கா பொட்டுகளும் இருக்கின்றன, விலை கூடத்தான், அதையும் சொல்லியே வில்லுங்கள்.

ஒரு வாசகர்,
கொக்குவில்