220ல வயசைக் கழிச்சா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல இதயத்துடிப்பு ஜோன் (உடற்பயிற்சி எவ்வளவு கடுமைன்னு துடிப்பை வெச்சுப் பிரிக்கற படிகள்) பத்தி அட்டவணை போட்டிருந்தீங்க, 220ல வயசைக் கழிங்க, வர்றதுதான் அதிகபட்சத் துடிப்பு, அதுல 60லேருந்து 70 சதவீதம் ஜோன் 2, 70லேருந்து 80 ஜோன் 3னு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, எங்க அண்ணன் வெட்டி ஃபிரிட்ஜ்லயே ஒட்டிட்டார்.

அவருக்கு 58. உங்க கணக்குப்படி அதிகபட்சம் 162, ஜோன் 3 வரணும்னா 113ஐத் தாண்டணும். ட்ரெட்மில்ல ஏறி நடந்தா வாட்ச் 104, 105லயே நிக்குது, "இன்னும் ஜோன் 3 வரலையேடா"ன்னு வேகத்தை ஏத்திக்கிட்டே போறாரு, பனியன் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல மூச்சு இல்ல, கடைசில தலை சுத்துதுன்னு அப்படியே உக்காந்துட்டார். அப்பவும் வாட்ச் என்னமோ நீங்க சும்மா உலாத்துறீங்கன்ற மாதிரிதான் காட்டிட்டு இருந்துச்சு.

விஷயம் என்னன்னா அவர் பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடறவர். துடிப்பை ரொம்ப ஏற விடாம பிடிச்சு வைக்கிறது அந்த மாத்திரையோட குணம். அது உள்ள போயிட்டா வயசை வெச்சுப் போடற கணக்கு செல்லாது. இதை ஒரு வரி போட்டிருக்கலாம், அட்டவணைக்குக் கீழ இடம் இருந்துச்சு, ஷூ விளம்பரம் வந்திருந்துச்சு.

மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கும் 220ங்கறது ஒரு சராசரிதான் சார். ஒரே வயசுக்காரங்க ரெண்டு பேருக்கு அதிகபட்சத் துடிப்பு பத்து பன்னெண்டு முன்ன பின்ன இருக்கறது சர்வ சாதாரணம். 2001ல தனாகாங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 208லேருந்து வயசோட 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னாங்க, வயசானவங்களுக்கு அது கொஞ்சம் கிட்ட வரும், ஆனா அதுவும் சராசரிதான்.

இன்னொரு கூத்து, எனக்கு 52, உங்க முறைப்படி ஜோன் 2ன்னா 101லேருந்து 118. பின்லாந்துக்காரர் கார்வோனென் முறைல, அதாவது காலைல எழுந்ததும் படுக்கைலயே நாடி பிடிச்சுப் பாக்கற துடிப்பை (எனக்கு 72) அதிகபட்சத்துலேருந்து கழிச்சு, மிச்சத்துக்கு சதவீதம் போட்டு, திரும்ப 72ஐக் கூட்டினா, அதே 60லேருந்து 70 சதவீதத்துக்கு 130லேருந்து 139 வருது. சதவீதம் ஒண்ணு, ஆனா ஒண்ணு சாவகாசமான நடை, இன்னொண்ணு ஓட்டம் மாதிரி. எந்த முறைன்னு சொல்லாம வெறும் சதவீதத்தை மட்டும் போட்டா படிக்கறவன் எதை நம்பி நடக்கறது?

எனக்குத் தெரிஞ்சு அண்ணனுக்குச் சரிப்பட்டு வந்தது பேச்சுதான். நடக்கும்போது முழுசா பேச முடியணும், ஆனா பாட வரக்கூடாது, அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினா கடுமையான வேகம். இதுக்கு வாட்ச் எதுக்கு? இப்ப அவர் நடக்கறப்ப நான் பக்கத்துல நின்னு வம்பு பேசறேன், பதிலுக்குத் திட்டு முழுசா வந்தா சரின்னு விட்டுடறேன்.

வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, துடிப்பைக் குறைக்கற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஜோன் பாருங்கன்னு கொட்டை எழுத்துல போடுங்க சார், ஃபிரிட்ஜ்ல பழசுக்கு மேலயே ஒட்டிக்கறோம்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்